நான்கு போர்டு, ஒரே கம்ப்யூட்டர்: புது வண்ணாரப்பேட்டை கேரம் நேரலை – ஒரு நிகழ்வு ஆய்வு

புது வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் கேரம் போட்டி நடத்தும் மன்றம் ஒன்று, தன் நேரலையைச் சரிசெய்து தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டது. இந்தப் பகுதியில் கேரம் எவ்வளவு ஊறிய விளையாட்டு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இதே புது வண்ணாரப்பேட்டைப் பெண். இங்கே போட்டி என்றால் அறைக்குள் நிற்க இடம் இருக்காது. மாடிப்படி வரை ஆள் நிற்பார்கள். மிச்சம் பேருக்காகத் தெருமுனையில் பந்தல் போட்டு ஒரு பெரிய டிவி வைக்கிறார்கள்.

மன்றத்தார் சொன்ன குறைகள் இரண்டு. படம் திக்கித் திக்கி ஓடுகிறது, பிரேக் அடிக்கும் நேரத்தில் காய்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன என்பது முதலாவது. இரண்டாவது தெருமுனை டிவி பற்றியது. கேமராவைப் பார்த்துக்கொள்ளும் பையன் அதை இப்படிச் சொன்னான்: "ண்ணா, மேல கைத்தட்டு மொதல்ல வந்துடுது. காயி அப்புறமா தான் டிவில வுழுது. ரெட்டு போச்சா இல்லியான்னு கத்துறத வெச்சே தெரிஞ்சிடுது. அப்புறம் இன்னாத்துக்குப் பாக்குறது?"

மன்றத்தின் பெரியவர் ஒரு முடிவோடுதான் இருந்தார். "கிராபிக்ஸ் கார்டு போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்களே தம்பி, போட்டுடலாமா?"

"போடலாம்ணே. எந்தக் குறைக்கு எது காரணம்னு பாத்துட்டுப் போடலாம்."

பார்த்தபோது இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறாக இருந்தது. கார்டு முதல் குறையைத் தீர்க்கும். இரண்டாவது குறையில் கார்டின் பங்கு சிறியது. அதைப் பிரித்துப் பார்க்காமல் காசு செலவழித்திருந்தால், தெருமுனையில் நிற்பவர்களுக்கு ஒன்றும் மாறியிருக்காது.

இருந்த ஏற்பாடு

கம்ப்யூட்டர் இரண்டாம் கையாக வாங்கியது. இன்டெல் ஐ5-9400எஃப் சிபியூ, ஆறு கோர், 16 ஜிபி ராம், கூடவே ஒரு ஜிடி 1030 கார்டு. சிபியூ பெயரின் கடைசியில் உள்ள அந்த "எஃப்" எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல் சிபியூக்களில் 2011 முதல் 'குவிக் சிங்க்' என்ற வீடியோ என்கோடர், அதாவது படத்தைச் சுருக்கும் பகுதி, உள்ளேயே வருகிறது, ஆனால் அது உள்ளிருக்கும் கிராபிக்ஸ் பகுதியோடு சேர்ந்தது. எஃப் வகையில் அந்தப் பகுதி அணைக்கப்பட்டிருக்கும், அதனால் குவிக் சிங்க்கும் கிடையாது. ஜிடி 1030 பெயரளவில் கிராபிக்ஸ் கார்டு என்றாலும், அதற்குள் வீடியோ என்கோடர் இல்லை. கம்ப்யூட்டருக்குள் கார்டு இருக்கிறது, படம் தெரிகிறது, ஆனால் என்கோடிங் முழுவதும் அந்த ஆறு கோர் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. லேப்டாப்களில் வரும் எம்எக்ஸ் வகைக் கார்டு பலவற்றிலும் இதே நிலைதான். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கார்டில் என்கோடர் உண்டா என்பது.

போர்டுக்கு மேலே தலைகீழாகத் தொங்கும் ஹேண்டிகேம்கள். அவற்றிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள், அதன் முனையில், படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக். ஓபிஎஸ் என்ற நேரலை புரோகிராமை இரண்டு முறை திறந்து, ஆளுக்கு ஒரு போர்டு. இரண்டு போர்டுக்கே மூச்சு வாங்கியதால் படத்தை 720பி, 25 பிரேம் என்று இறக்கி, சிபியூவில் ஓடும் என்கோடரான எக்ஸ்264-ஐ 'அல்ட்ராஃபாஸ்ட்' என்ற கடைசிப் படிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கால் இறுதியில் நான்கு போர்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பது மன்றத்தின் ஆசை.

ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் பலகையில் மூன்று எண்கள் தனித்தனியாக வரும். ரெண்டரிங் தாமதத்தால் தவறிய பிரேம், என்கோடிங் தாமதத்தால் விடுபட்ட பிரேம், நெட்வொர்க்கால் கைவிடப்பட்ட பிரேம். பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஒரே திக்கல்தான். சரிசெய்யும் வழி மூன்றுக்கும் வேறு. நெட்வொர்க் எண் ஏறினால் எந்தக் கார்டு வாங்கியும் பயனில்லை. இங்கே ஏறியது நடுவில் உள்ள எண், என்கோடிங். அதுவும் ஆட்டம் தொடங்கிச் சற்று நேரம் கழித்துதான் வேகமாக ஏறியது. அறையில் ஏசி இல்லை, ஆள் நெரிசல், கேபினெட்டின் ஹீட்சிங்க்கில் தூசி அடை. சிபியூ சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ப்ளோயர் வைத்துத் தூசியை ஊதியதிலேயே கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் நான்கு போர்டுக்கு அது எந்த மூலைக்கு?

ஒரு பிரேமுக்குள் நடப்பது

1080பி படத்தில் ஒரு பிரேம், என்கோடருக்குப் போகும் வடிவத்தில், 31,10,400 பைட். நொடிக்கு 50 பிரேம் என்றால் ஏறக்குறைய 155 எம்பி, அதாவது 1.24 ஜிகாபிட். அதை 4 மெகாபிட்டுக்குள் அடக்க வேண்டும், 300 மடங்குக்கு மேல் சுருக்கம். எச்.264 என்ற சுருக்கும் முறை இதைச் செய்வதற்கு முக்கிய வழி, முந்தைய பிரேமில் இருந்ததையே திரும்ப அனுப்பாமல் "இந்தத் துண்டு இங்கிருந்து அங்கே நகர்ந்தது" என்று மட்டும் சொல்வது. பிரேமை 16-க்கு 16 புள்ளித் துண்டுகளாக வெட்டினால் 8,160 துண்டு வரும். ஒவ்வொரு துண்டுக்கும் பழைய பிரேமில் பொருத்தமான இடத்தைத் தேட வேண்டும். நான்கு பக்கமும் 16 புள்ளி தூரம் வரை ஒன்று விடாமல் தேடினால் 1,089 இடம், இடத்துக்கு 256 புள்ளி ஒப்பீடு. பெருக்கினால் ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 227 கோடி ஒப்பீடு. 50 பிரேமுக்கு இதைச் செய்ய முடியாது என்பதால்தான் எக்ஸ்264 புத்திசாலித்தனமாகச் சில இடங்களை மட்டும் தேடுகிறது. 'அல்ட்ராஃபாஸ்ட்' என்றால் அந்தத் தேடலை இன்னும் குறைத்து, வேறு பல கருவிகளையும் கைவிட்டுவிடுவது.

கேரமில் இது எங்கே வெடிக்கிறது என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் போர்டு அசையாது. ஆட்டக்காரரின் கை மட்டும் ஸ்ட்ரைக்கரை நகர்த்திக்கொண்டிருக்கும். அப்போது என்கோடருக்கு வேலையே இல்லை. பிரேக் அடித்ததும் 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு ரெட் என்று 19 காயும் 19 திசையில் பாய்கின்றன. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு ஒரே நகர்வு கிடையாது. ஒன்றை ஒன்று மறைக்கின்றன, மோதித் திரும்புகின்றன. 25 பிரேமில் எடுத்தால் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் 40 மில்லிநொடி இடைவெளி. அதற்குள் காய் வெகுதூரம் போய்விடுகிறது. குறைந்த தூரத் தேடலில் அது சிக்குவதே இல்லை. சிக்காத துண்டைப் புதிதாக வரைந்து அனுப்ப வேண்டும், அதற்கு பிட் போதாது, படம் உடைகிறது. 50 பிரேமுக்கு ஏற்றினால் இடைவெளி 20 மில்லிநொடி. நகர்வு பாதியாகும், கண்ணுக்கும் தெளிவு. ஆனால் சிபியூவுக்கு இரட்டிப்பு வேலை.

கார்டு எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை

கார்டில் உள்ள குடா கோர்கள் என்ற ஆயிரக்கணக்கான சிறு கணக்குப் பகுதிகள் சேர்ந்து என்கோடிங் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. எச்.264-இல் ஒரு துண்டின் கணக்கு அதன் இடப்பக்கத்து, மேல்பக்கத்துத் துண்டுகளின் முடிவைப் பார்த்துத்தான் நடக்கும். கடைசிக் கட்டத்தில் பிட்களை அடுக்கும் வேலை ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே போகும். ஆயிரம் கை இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டிய வேலை அது. அதனால் என்விடியா 2012-இல் கெப்ளர் தலைமுறையிலிருந்து என்விஎன்க் என்ற தனிச் சர்க்யூட்டைச் சிப்பின் ஒரு மூலையில் வைத்தது. என்கோடிங் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. அதே வேலையைச் சிபியூ செய்வதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடும்.

இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு பெரிய மிச்சம் உண்டு. 2018-இல் வந்த டூரிங் தலைமுறையில் ஜிடிஎக்ஸ் 1650 சூப்பரிலும் விலை உச்சத்தில் இருந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யிலும் என்கோடர் ஒன்றுதான். கேம் ஆடுபவருக்கு இரண்டுக்கும் நடுவே மலையளவு வித்தியாசம் இருக்கலாம். நேரலைக்காரருக்கு அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி தேவையில்லை. ஆனால் பெயரில் ஏமாறவும் இடம் இருக்கிறது. 'சூப்பர்' இல்லாமல் முதலில் வந்த வெறும் 1650-இல் ஒரு தலைமுறை பழைய, வோல்டா வகை என்கோடர். பெட்டியின்மேல் இருக்கும் படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மன்றத்துக்கு நான் பரிந்துரைத்தது பழைய 1650 சூப்பர். ரிச்சி தெருவில் தேடி வாங்கினார்கள். அதற்கு 6 முனை பவர் இணைப்பு வேண்டும், எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகச் சொன்னேன்.

படம் உள்ளே வரும் வழி

இந்தப் பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் இந்த வேலையின் உயிர்நாடியாகத் தெரிந்தது.

மன்றத்திடம் இருந்த கேப்சர் ஸ்டிக் யுஎஸ்பி 2.0. அந்தக் கம்பியில் 480 மெகாபிட்டுக்கு மேல் போகாது, சுருக்காத 1080பி படத்துக்கு இடமே இல்லை. அதனால் ஸ்டிக் ஒவ்வொரு பிரேமையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பும். கம்ப்யூட்டர் அதை விரிக்க வேண்டும். விரித்து, நிற வடிவத்தை மாற்றி, மறுபடி எச்.264-ஆகச் சுருக்க வேண்டும். என்கோடரைக் கார்டுக்கு மாற்றினாலும் இந்த முதல் பாதி சிபியூவிடமே நிற்கும். சரி, யுஎஸ்பி 3.0 ஸ்டிக் வாங்கலாமா? அது சுருக்காமல் அனுப்பும் வழக்கமான வடிவத்தில் ஒரு போர்டுக்கு நொடிக்கு 207 எம்பி. நான்குக்கு 829 எம்பி. ஒரு யுஎஸ்பி 3.0 கட்டுப்பாட்டுச் சிப்பின் உச்சமே 500 எம்பி. மதர்போர்டின் பின்னால் நான்கு நீலத் துளை இருந்தாலும், உள்ளே அவை ஒரே சிப்பில் போய்ச் சேர்ந்தால் மூன்றாவது கேமராவிலேயே தடுமாறும். ஆகவே மதர்போர்டில் நேரே செருகும், நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடு கொண்ட பிசிஐஇ கேப்சர் கார்டு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கிராபிக்ஸ் கார்டு நேரடியாக ஏற்கும் என்வி12 வடிவிலேயே அது படத்தைத் தரும்.

அடுத்தது, ராமுக்கும் கார்டுக்கும் நடுவே போக்குவரத்து. நான்கு போர்டும் சேர்ந்து நொடிக்கு 622 எம்பி. பிசிஐஇ 3.0-இன் 16 லேன் சாலையில் 15 ஜிபிக்கு மேல் போகும் என்பதால் அகலத்துக்குப் பஞ்சமில்லை. தொல்லை, திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதில் வருகிறது. மன்றத்துக்கு நான்கு தனி ஒளிபரப்பு போக, நான்கையும் ஒரே திரையில் காட்டும் ஐந்தாவது படமும் வேண்டும். அதைச் சிபியூவில் செய்தால் நான்கு படத்தையும் சிறிதாக்கி, ஒட்டி, மறுபடி கார்டுக்கு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ஒருவர் முடிக்க மற்றவர் காத்திருக்கிறார். காத்திருப்பு சேர்ந்து சேர்ந்து பிரேம் தவறுகிறது.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ புரோகிராமில் இதற்கு வழி இருக்கிறது. பிரேமை ஒரே ஒரு முறை கார்டின் மெமரிக்கு ஏற்றுவது. சிறிதாக்குவது, ஒட்டுவது இரண்டுக்கும் குடாவில் ஓடும் ஃபில்டர்கள் உண்டு, அவை கார்டுக்குள்ளேயே வேலையை முடிக்கும். ஐந்து என்கோடிங்கும் அங்கிருந்தே படத்தை எடுத்துக்கொள்ளும். கடைசியில் வெளியே இறங்குவது சுருக்கி முடிந்த சில மெகாபிட் மட்டும். நகலெடுக்கும் வேலை போனதும் சிபியூ அமைதியானது. முன்பு இரண்டு போர்டுக்கே சிவப்பில் நின்ற மீட்டர், ஐந்து ஒளிபரப்பிலும் பாதிக்கும் கீழே இருந்தது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சேர்க்கிறேன். எல்லாம் ஒரே புரோகிராமுக்குள் ஓடுவதால், யூடியூப் பக்கம் ஒரு இணைப்பு தடைபட்டால் அது மற்ற நான்கையும் பிடித்து நிறுத்தக்கூடும். அதனால் என்கோடிங் செய்யும் புரோகிராம் வெளியுலகத்தோடு பேசவே பேசாது. அதே கம்ப்யூட்டருக்குள் ஐந்து கதவில் கொடுத்துவிடும். யூடியூபுக்கு எடுத்துச் செல்வது வேறு ஐந்து சிறு புரோகிராம்கள். அவை மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே நகலெடுத்து அனுப்பும். ஒன்று விழுந்தால் அதை மட்டும் எழுப்பினால் போதும்.

"அவுட் ஆஃப் மெமரி"

மூன்று போர்டு ஓடியது. நான்காவதைத் திறந்தால் "அவுட் ஆஃப் மெமரி" என்று நின்றது. பையன் முகம் வாடிவிட்டது. "4 ஜிபி பத்தலியாண்ணா?"

மெமரி ஏராளமாக மிச்சம் இருந்தது. ஜிஃபோர்ஸ் வகைக் கார்டுகளில் ஒரே நேரத்தில் எத்தனை என்கோடிங் திறக்கலாம் என்பதற்கு என்விடியா டிரைவரில் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நெடுங்காலம் அது 2. 2020-இல் 3 ஆனது, 2023-இல் 5, 2024-இல் 8. வரம்பைத் தொட்டால் வரும் செய்திதான் இப்படி மெமரி என்று திசைதிருப்புகிறது. மன்றத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய டிரைவர். புதியதைப் போட்டதும் ஐந்தும் திறந்தன. இந்த ஒரு வரி தெரியாமல் கார்டையே மாற்றியவர்கள் இருப்பார்கள் என்பதால்தான் இதைத் தனித் தலைப்பில் எழுதுகிறேன்.

வரம்பு உயர்ந்தாலும் சர்க்யூட் ஒன்றுதான். 5 ஒளிபரப்புக்கு 50 பிரேம் வீதம் நொடிக்கு 250 பிரேம், ஒரு பிரேமுக்கு 4 மில்லிநொடி. என்விஎன்க்கில் பி1 முதல் பி7 வரை தரப் படிகள் உண்டு. பி7-இல் தேடல் ஆழம், நேரமும் அதிகம். நாங்கள் நடுவில் உள்ள பி4-இல் நின்றோம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 'வீடியோ என்கோட்' என்று ஒரு தனி வரைபடம் இருக்கிறது. வழக்கமாகத் தெரியும் 3டி வரைபடம் சும்மா கிடக்கும்போது இது நிரம்பியிருக்கலாம். பார்க்க வேண்டியது இதைத்தான்.

விளக்கு

என்கோடர் சீரான பிறகும் படத்தில் ஒரு நடுக்கம் இருந்தது. போர்டு அசையாதபோதுகூட பிட் வீதம் மேலேயே நின்றது. காரணம் மேலே தொங்கிய விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விலை குறைந்த எல்இடி நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். கேமரா 60 பிரேமில் வைக்கப்பட்டிருந்தது. 60-உம் 100-உம் ஒத்துப்போகாது, ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சம் மாறும், படத்தின் குறுக்கே பட்டை ஓடும். மனிதக் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். என்கோடருக்கோ போர்டு முழுவதும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரிகிறது. அசையாத பலகையை அனுப்புவதற்கே பிட் எல்லாம் செலவாகி, பிரேக் அடிக்கும்போது கை காலியாகிவிடுகிறது.

கேமராவை 50 பிரேமுக்கும் ஷட்டரை நொடியில் 100-இல் ஒரு பங்குக்கும் மாற்றினோம். ஒவ்வொரு பிரேமும் விளக்கின் ஒரு முழுச் சுற்றைச் சரியாகப் பிடிக்கும், வெளிச்சம் ஒன்றாகிவிடும். ஒரு ரூபாய் செலவில்லாத இந்த மாற்றத்தில் கிடைத்த தெளிவு, கார்டிலிருந்து கிடைத்ததற்குக் குறைவில்லை என்பது என் கணிப்பு. நம் ஊரில் நேரலை செய்பவர்கள் எல்லோரும், வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து 60 வைக்காமல், 50-இல் வைக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன்.

இரண்டு நொடிக்கு ஒரு துடிப்பு

யூடியூப் 2 நொடிக்கு ஒரு முழுப் பிரேம், அதாவது கீ-பிரேம், கேட்கிறது. 50 பிரேம் வீதத்தில் 100-க்கு ஒன்று. கால்பந்து போன்ற ஓட்டமுள்ள படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. கேரமில் தெரிந்துவிட்டது. போர்டின் மர ரேகை மெல்ல மெல்ல மழுங்கி, 2 நொடி முடிந்ததும் "டக்" என்று தெளிந்து, மறுபடி மழுங்கும். போரிக் பவுடர் தூவிய வெளிர் பலகையில் மேடு பள்ளம் மிக மெலிது. என்கோடர் முதலில் வெட்டி எறிவது அந்த மெலிதான ரேகையைத்தான்.

இதில் நாங்கள் இரண்டைத் தொட்டோம். ஒன்று, ஸ்பேஷியல் ஏக்யூ என்ற அமைப்பு. வழுவழுப்பான பரப்புகளுக்குக் கூடுதல் பிட் ஒதுக்கச் சொல்லும் ஏற்பாடு அது. இரண்டு, பஃபர் அளவு, அதாவது பிட் வீதத்தை எவ்வளவு நேரத்துக்குள் சரிக்கட்ட வேண்டும் என்ற அளவு. தாமதம் குறைய வேண்டும் என்று பஃபரை ஒரே பிரேம் அளவுக்கு இறுக்கினால், கீ-பிரேமுக்கும் மற்றதற்கும் ஒரே பங்குதான் கிடைக்கும், துடிப்பு மோசமாகும். ஒரு நொடி அளவுக்குத் தளர்த்தியதும் கீ-பிரேமுக்கு வேண்டிய இடம் கிடைத்தது. துடிப்பு முழுதும் போகவில்லை. டிவிக்கு அருகில் போய் நின்று தேடினால் தெரியும். போட்டி நடக்கும்போது அப்படி யாரும் தேடப்போவதில்லை.

தெருமுனை டிவி

அந்த டிவியில் ஓடியது யூடியூப். மாடியிலிருந்து தெருமுனைக்குக் கல்லெறி தூரம். படம் அதற்குள் யூடியூபின் சர்வருக்குப் போய், அங்கே பல அளவுகளில் மறுபடி என்கோடாகி, துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, டிவியில் சில துண்டு சேர்ந்த பிறகே ஓடும். பல நொடி தாமதத்துக்கு அதுவே காரணம். மன்றத்துக் கம்ப்யூட்டரின் பங்கும் கொஞ்சம் இருந்தது. முதலில் அவர்கள் வைத்துப் பார்த்த எக்ஸ்264 'வெரிஃபாஸ்ட்' அமைப்பில், அது 10 பிரேமை முன்னோக்கிப் பார்க்கும். ஆறு கோருக்கு ஒன்பது திரெட் போட்டு ஒவ்வொன்றும் ஒரு பிரேமைக் கையில் வைத்திருக்கும். முன்னும் பின்னும் உள்ள பிரேமைப் பார்த்துச் சுருக்கும் பி-பிரேமுக்காக இன்னும் சில காத்திருக்கும். மொத்தம் 20 பிரேமைத் தாண்டும். 25 பிரேம் வீதத்தில் அது 0.8 நொடிக்கு மேல். எக்ஸ்264-க்கும் 'ஜீரோ லேட்டன்சி' என்ற அமைப்பு உண்டு, இவற்றையெல்லாம் அணைத்துவிடும். ஆனால் அணைத்த பிறகு அதே தரத்துக்கு இன்னும் கூடுதல் பிட் கேட்கும். சிபியூவில் அதற்கும் இடம் இல்லை.

மாடியிலிருந்து பந்தலுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்தோம். டிவிக்குப் பின்னால் ஒரு பழைய லேப்டாப். நான்கு போர்டும் சேர்ந்த படத்தை அங்கே எஸ்ஆர்டி என்ற வீடியோ அனுப்பும் முறை வழியாக நேரே அனுப்பினோம். எஸ்ஆர்டி இயல்பாகவே 120 மில்லிநொடி பஃபர் வைத்துக்கொள்ளும். சொந்தக் கேபிளுக்கு அது தாராளம். என்விஎன்க்கில் லோ-லேட்டன்சி அமைப்பு, பி-பிரேம் இல்லை, முன்னோக்கிப் பார்ப்பது இல்லை. உள்ளே போன பிரேம் சில மில்லிநொடியில் வெளியே வரும். லேப்டாப்பில் விஎல்சி 1,000 மில்லிநொடி நெட்வொர்க் பஃபரோடு வரும், அதைக் குறைக்காவிட்டால் செய்த வேலையெல்லாம் அங்கே கரைந்துவிடும். டிவியில் கேம் மோடு போட்டதும் டிவி தன் பங்குக்குப் பிடித்துவைத்திருந்ததும் குறைந்தது.

அளந்த முறை எளிது. ஒரு போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டுக் கேமராவுக்குக் கீழே போர்டில் வைப்பது. டிவியைத் தற்காலிகமாக மாடிக்குக் கொண்டுவந்து, போனும் டிவியும் ஒரே சட்டத்துக்குள் வருமாறு இன்னொரு போனில் படம் எடுப்பது. இரண்டு எண்ணையும் கழித்தால் முழுத் தாமதம் கிடைக்கும். அரை நொடிக்குள் வந்தது. மாடிச் சத்தம் தெருவுக்கு வரும்போது காய் விழுவதும் ஏறக்குறைய கூடவே தெரிகிறது. பையன் பந்தலில் நின்று பார்த்துவிட்டு மேலே ஓடிவந்தான். "ரெட்டு வுழுந்தப்போ எல்லாரும் ஒண்ணா கத்துனாங்கண்ணா!" இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கத்த வேண்டும் என்பதுதான் அவன் முதலிலிருந்தே கேட்டது.

தரத்தில் விட்டுக்கொடுத்தது

என்விஎன்க்கைப் புகழ்ந்துகொண்டே போனால் நியாயம் இருக்காது. நிதானமாக நேரம் எடுத்துச் சுருக்கும் எக்ஸ்264 'ஸ்லோ' படி, அதே பிட் வீதத்தில் இன்னும் தெளிவான படம் தரும். நேரலையில் அந்த நேரம் கிடைக்காது என்பதால்தான் கார்டு ஜெயிக்கிறது. ஆகவே போட்டியின்போது உயர்ந்த பிட் வீதத்தில் ஒரு பிரதி சேமித்துக்கொள்கிறோம். இரவில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது அதிலிருந்து முக்கிய ஆட்டங்களை எக்ஸ்264-இல் சுருக்கி ஏற்றுகிறோம். ஏவி1 என்ற புதிய சுருக்கும் முறை பற்றியும் கேட்டார்கள். அதை என்கோட் செய்யும் சர்க்யூட் 2022 முதல் வந்த கார்டுகளில்தான் உண்டு, டிவிக்குப் பின்னால் இருக்கும் பழைய லேப்டாப் அதைத் திறக்கவும் திணறும். இப்போதைக்கு எச்.264 போதும்.

வியாசர்பாடியில்

இதே கம்ப்யூட்டரைப் பிறகு வியாசர்பாடிக்கு ஒரு கால்பந்துப் போட்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கணக்கு தலைகீழ். கேமரா பந்தோடு திரும்பிக்கொண்டே இருப்பதால் மைதானம் முழுவதும் நகரும். தேடல் சுலபம்தான், ஏனென்றால் எல்லாத் துண்டும் ஒரே பக்கம் போகின்றன. ஆனால் மண்ணும் புழுதியும் ஓயாமல் பிட் கேட்கும். கேமரா இரண்டுதான், நொடிக்கு 100 பிரேம், ஒரு பிரேமுக்கு 10 மில்லிநொடி. அதனால் பி4-இலிருந்து பி6-க்கு ஏற்றினோம். தெருமுனை டிவி இல்லாததால் பி-பிரேமையும் முன்னோக்கிப் பார்ப்பதையும் திரும்பப் போட்டோம். கேரமுக்கு 4 மெகாபிட் வைத்த இடத்தில் இங்கே 6 வைத்தோம். மைதானத்தில் பைபர் கிடையாது, சிம் போட்ட ரவுட்டர் மட்டும். கூட்டம் சேர்ந்ததும் எல்லோர் போனும் அதே டவரைப் பிடிக்க, அப்லோடு 12 மெகாபிட்டுக்குக் கீழே சரிந்தது. அப்போது ஓபிஎஸ் பலகையில் ஏறியது மூன்றாவது எண், நெட்வொர்க். பையன் அதை அவனே பார்த்துச் சொன்னான். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த கேமராவை நிறுத்திவிட்டு, இருந்த அப்லோடை நடுக்கோட்டுக் கேமராவுக்கே கொடுத்துவிட்டான்.